சத்தம் பார்த்து வாங்கிய துப்பாக்கி

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமத்தில் தெளிவாக எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அப்பா போன பிறகு, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அதை வைத்து நான் சுட்டது ஆகாயத்தை மட்டும்தான். அதில் ஒரு தடவைகூட எனக்குக் குறி தப்பியதில்லை.

பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படுகிற தூரத்தில் எனக்கு ஐந்து ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கும். பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் நின்று, குழலை மேலே தூக்கி ஒரு வெடி வெடிப்பேன். பன்றிகள் பக்கத்து வயலுக்கு ஓடும். பக்கத்து வயல்காரர் வெடி கொளுத்துவார். அவை என் வயலுக்குத் திரும்பி வரும். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பன்றிகள் நன்றாக உடற்பயிற்சி செய்து கொழுத்தன.

இதை இப்படியே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் வயலிலிருந்து திரும்பியதும் ஓடி வந்து, "பன்னி செத்துச்சாப்பா?" என்று கேட்பாள். ஒருநாள் களைப்பில், "ம், ஒன்னு விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் ஏழாம் வகுப்பு முடிப்பதற்குள் நான் பதினாலு பன்றிகளைச் சாய்த்திருந்தேன். உண்மையில் ஒன்றைச் சுட்டிருந்தால்கூட வனத்துறை என்னை உட்கார வைத்து விசாரித்திருக்கும். சுடாததால் சட்டத்தின் முன் குற்றமற்றவனாகவும் மகளின் முன் வீரனாகவும் ஒரே சமயத்தில் வாழ முடிந்தது. என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, அமெரிக்காவில் கொலராடோ என்ற மலைப்பக்கத்து மாநிலத்தில் குடியேறினாள். போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் அவளிடமிருந்து போன்.

"அப்பா, இங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க வருஷா வருஷம் எல்க் வேட்டைக்குப் போவாங்க. இந்தத் தடவை நானும் போறேன். கிளாஸ் போயி, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எல்லாம் வாங்கிட்டேன். துப்பாக்கிதான் இன்னும் வாங்கல."

எல்க் என்றால் மான். மான் என்றதும் வண்டலூரில் பார்க்கிற புள்ளிமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் கடமானை விடப் பெரிது, ஒரு நல்ல எருமைக் கடா அளவுக்கு இருக்குமாம். மாப்பிள்ளை போகிறாரா என்று கேட்டேன். அவர் முட்டைகூடத் தொடாதவர், வீட்டில் இருந்து சாம்பார் வைப்பார் என்றாள்.

"எந்த ரைபிள், எந்தத் தோட்டான்னு இங்க ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்கப்பா. எனக்குத் தெரிஞ்சு நெசமா வேட்டையாடுனவரு நீங்க ஒருத்தருதான். நீங்க சொல்றதைத்தான் வாங்கப் போறேன்."

நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு பயம்தான். படக்கூடாத எடத்துல பட்டா அது காயத்தோட ஓடிப் போயி, ரெண்டு நாள் எங்கயாவது கெடந்து சாகுமாம். அப்படி மட்டும் ஆயிடக் கூடாதுப்பா. ஒரே அடில போயிடணும். அதுக்குத் தகுந்தாப்புல ஒன்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியாதும்மா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்குக் காலை இட்லியோடு விஷயம் முடிந்திருக்கும். என் வாய் வேறு மாதிரி பழகிப்போன வாய். "ரெண்டு வாரம் டைம் குடு. அப்பா யோசிச்சுச் சொல்றேன்" என்றது.

அடுப்படியில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "புள்ளை கையில நெசத் துப்பாக்கியக் குடுக்கப் போறாங்க. இப்பவாவது உண்மையச் சொல்லிருங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. துப்பாக்கி சமாச்சாரம் உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவளுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினேன்.

ஆராய்ச்சி தொடங்கியது. யூடியூபில் அமெரிக்கர்கள் தொப்பி போட்டுக்கொண்டு இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். டூ செவன்டி, த்ரீ நாட் எயிட், தர்ட்டி நாட் சிக்ஸ், சிக்ஸ் பாயின்ட் ஃபைவ், த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் என்று தோட்டாவில் அத்தனை வகை. ஒவ்வொருவரும் தன் தோட்டாவைத் தவிர மற்றதெல்லாம் அணிலுக்குத்தான் ஆகும் என்கிறார். உரக்கடையில் பூச்சிமருந்து விற்பவர்கள் இதைவிடப் பொறுமையாகப் பேசுவார்கள். நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, எல்லாவற்றையும் எழுதினேன். குண்டின் எடை, வேகம், தூரம், சரிவு. நாற்பது பக்கம் ஆனது. எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஏதோ ஓர் இடைத்தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் உரிமம் வைத்திருக்கிற நாங்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம். ஜனநாயகத்தை எங்களிடமிருந்து காப்பாற்ற இந்த ஏற்பாடு. பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போனேன். கண்டக்டர், "மீன் தூண்டிலா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நிலையத்து வேப்பமரத்தடியில் எங்களைப் போல ஒரு பத்துப் பேர், மடியில் போர்வை மூட்டையோடு உட்கார்ந்திருந்தோம். இத்தனை துப்பாக்கிக்காரர்கள் ஒரே இடத்தில் கூடுவது தேர்தலுக்குத் தேர்தல்தான் நடக்கும். இதை விட்டால் நல்ல ஆலோசனை கிடைக்காது என்று பேச்சை ஆரம்பித்தேன். மகள் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் நமக்கு வேண்டிய ஒருவர் என்றேன்.

"எருமை சைஸ் மானா? அப்போ ரெட்டைக்குழல்தான் வேணும்ங்க. ஒரு குழல் மானுக்கு, ஒரு குழல் அது முட்ட வந்தா" என்றார் பருத்தி போடும் ஒருவர்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், துபாயில் முப்பது வருடம் கடை பார்த்தவர், சிரித்தார். "அரபிங்க துப்பாக்கியே தொடமாட்டாங்க தம்பி. பருந்தை வுட்டுத்தான் புடிப்பாங்க. அது எம்மாம் பெரிய மானா இருந்தாலும், அல்லாஹ் நாடுனா சிக்கிரும்."

"எருமை சைஸ் மானைப் பருந்து தூக்குமா?"

"தூக்காது. கண்ணைக் கொத்தும்."

ஒருமணி நேரம் இப்படி ஓடியது. ஆளுக்கு ஒரு வேட்டைக்கதை வந்தது. எல்லாக் கதைகளிலும் மிருகம் விழுந்தது, ஒரு கதையிலும் அதை யாரும் சாப்பிடவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: சத்தம்தான் முக்கியம். நல்ல சத்தம் இருந்தால் எப்பேர்ப்பட்ட மிருகமும் ஆடிப்போகும். பத்துத் துப்பாக்கிக்காரர்களும் தலையாட்டினோம்.

உள்ளே துப்பாக்கிகளை வாங்கிப் பதிவு செய்துகொண்டிருந்த ஏட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் முறை வந்தபோது, "எங்க பழைய போலீஸ் ரைபிள் த்ரீ நாட் த்ரீயே அந்த மானுக்குப் போதும் சார்" என்றார். "பெரிசா இருக்குன்னு வாங்கக் கூடாது. சுடுறவங்க தோள் எதைத் தாங்குமோ அதை வாங்கணும். இல்லாட்டி அடுத்த தடவை உதைக்குமேன்னு பயந்துக்கிட்டே சுடுவாங்க. ஆமா, சுடப்போறவரு ஆள் எப்படி? வாட்டசாட்டமா இருப்பாரா?"

மகள் என்னைப் போலவே ஒல்லி. மழைக்காலத்தில் அவளால் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாது, நான்தான் தூக்கிப் போவேன். "நல்ல ஆள்தான்" என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே இலக்கைப் பார்த்துச் சுட்டுப் பழகிய ஒரே மனிதர் அவர். அவர் சொன்னதைத்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோதனை செய்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வயலில் மயிலை விரட்ட, நாய் குரைப்பதைப் பதிவு செய்து போடுகிற ஸ்பீக்கர் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் என் போனைச் சொருகி, ஒவ்வொரு தோட்டாவையும் சுடுகிற வீடியோவாகப் போட்டு, எத்தனை மயில் எழும்புகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று நோட்டில் குறித்தேன்.

சிக்ஸ் பாயின்ட் ஃபைவுக்கு ஒரு மயில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தது. நோட்டில் அந்தத் தோட்டாவை அடித்துவிட்டேன். டூ செவன்டிக்கு இரண்டு மயில் வரப்பைத் தாண்டிப் போயின. தர்ட்டி நாட் சிக்ஸுக்கு நாலு. நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது, அதற்கு ஏழு எழும்பின. மேக்னம் வெடித்ததும் மொத்தக் கூட்டமும் கிளம்பி ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து வயல்காரர் களைக்கொத்தோடு ஓடி வந்து, "என்னய்யா, கரண்ட் கம்பம் வெடிச்சிருச்சா?" என்றார். எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. அந்த மேக்னம் வீடியோவை எடுத்தவர் கேமராவைக் குழலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார் என்பதை நான் கவனித்தது இரண்டு மாதம் கழித்துத்தான்.

அன்றே மகளுக்குப் பதினோரு நிமிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். குண்டு எடை, வேகம், சரிவு எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்து வாசித்தேன். கடைசியில் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "என் அனுபவத்துல சொல்றேன். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் வாங்கு. அதுக்குக் கீழ எதுவும் வேணாம்" என்றேன். அனுபவம் என்ற சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பதிலுக்கு அவள் இதயப் படம் போட்டு அனுப்பினாள். எனக்கு அன்று சாப்பாடு ருசியாக இருந்தது.

மூன்று வாரம் பேச்சு இல்லை. மெசேஜ் போட்டால் வேலை அதிகம் என்று ஒரு வரி. நாலாவது வாரம் என் மனைவி பிடிவாதமாக வீடியோ காலில் கூப்பிட்டாள். எடுத்தவளின் வலது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஒன்னுமில்லம்மா. சுட்டுப் பழகுற எடத்துல துப்பாக்கி ஒதைச்சு, குறி பாக்க மேல வச்சிருக்குற ஸ்கோப் வந்து இடிச்சிருச்சு. மூணு தையல். இங்க இது சகஜமாம்."

என் மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மகள் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கையகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. "பழகிரும்ப்பா. உங்களுக்கும் மொதல்ல இப்படித்தானே இருந்திருக்கும்? ஆனா இப்போ வேற ஒரு பிரச்சினை. விசையை அமுத்துறதுக்கு முன்னாடியே என் கண்ணு தானா மூடிக்குது. என்ன செஞ்சாலும் தொறக்க மாட்டேங்குது. குண்டு எங்கெங்கயோ போவுது. பழக்கிவுடுறவரு வேற துப்பாக்கி மாத்திக்கச் சொன்னாரு. நாந்தான் மாட்டேன்னுட்டேன். எங்கப்பா சொன்னதுன்னேன்."

எனக்குப் பயம் வந்தது, சாதாரணப் பயம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவள், அத்தனை பெரிய துப்பாக்கியோடு, என் பேச்சை நம்பி மலை ஏறப் போகிறாள். அவள் எது நடக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னாளோ, அது நடப்பதற்கு எல்லா ஏற்பாடும் நான் செய்து கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு ஈனப் புத்தி, இன்னும் நாலு வாரத்தில் வேட்டைக்காலம் முடிந்துவிடும், எதுவும் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்றும் கணக்குப் போட்டது. அந்தப் புத்தியும் என்னுடையதுதான்.

"பாப்பா" என்றேன். "நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடுவேன்."

"எப்போ? மொத மொதலாவா?"

"எப்பவும். நான் ஆகாசத்தைப் பார்த்துத்தான் சுடுவேன். ஆகாசத்துக்குக் கண்ணு தொறந்திருக்கணும்னு அவசியமில்ல. ஒரு பன்னியும் விழல. பதினாலும் பொய். அந்த மேக்னமும், மயிலுக்குச் சத்தம் போட்டுப் பாத்துத்தான் சொன்னேன்."

மயில் கதை முழுவதையும் சொன்னேன். நகைக்கடை விளம்பரம் வரைக்கும் சொன்னேன். சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் சிரிக்கவில்லை.

"மூணு வாரமாப்பா" என்றாள். "மூணு வாரமா தெனம் கார்ல ஒக்காந்து அழுதுட்டு வூட்டுக்குப் போறேன். எங்கப்பா அப்படி ஒரு ஆளு, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்னு அழுதேன். உங்களுக்கு நான் போன் பண்ணாததுக்குக் காரணம் அதான். இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மன்னிச்சிரு என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு பத்து நாள் என் நம்பரிலிருந்து போனால் எடுக்கவில்லை. அம்மா நம்பரிலிருந்து போனால் எடுத்தாள். நான் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். மேக்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பழக்கிவிடுகிறவர் மூன்று நாலு துப்பாக்கிகளைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னாராம். தோளில் வைத்ததும் எது இதமாக உட்கார்ந்ததோ அதை எடுத்துக்கொண்டாளாம். அது எந்தத் தோட்டா என்று மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுச் சொல் என்று கெஞ்சினேன். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள். நியாயமான கேள்வி.

ஐப்பசி பிறந்தது. இங்கே அடைமழை. மக்காச்சோளம் சாய்ந்து கிடந்தது, பன்றி அதன் இஷ்டத்துக்கு வந்து போனது, நான் துப்பாக்கியைத் தொடவில்லை. அங்கே அவள் கூட்டத்தோடு மலை ஏறியிருந்தாள். மலையில் போன் எடுக்காது. நாலு நாள் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கே சரியாக நினைவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மிருகம் காயத்தோடு ஓடுவதாகவும், அவள் பின்னால் தேடிப் போவதாகவும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு என் நம்பருக்கே போன் வந்தது.

"கெடச்சுதாம்மா?"

"பாத்தோம்ப்பா. நேத்து சாயங்காலம். மரமெல்லாம் மஞ்சளா இருந்துச்சு, அதுக்கு முன்னாடி தனியா நின்னுச்சு. அவ்வளவு பெருசை நான் பாத்ததே இல்ல. இது உன் முறைன்னு எல்லாரும் எனக்கு வுட்டுக் குடுத்துட்டாங்க. அஞ்சு பேரு பின்னாடி படுத்துக்கிட்டு மூச்சு வுடாம பாக்குறாங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா தூரம் ஜாஸ்தி. நான் பழகுன தூரத்தை விட ரொம்ப ஜாஸ்தி. காத்து வேற. கூட வந்தவரு சுடு சுடுங்குறாரு, பட்டுரும்ங்குறாரு."

"சுட்டியா?"

"எனக்குப் படும்னு தோணல. என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். துப்பாக்கியக் கீழ வச்சுட்டேன். அது கொஞ்ச நேரம் மேஞ்சுட்டு உள்ள போயிருச்சு. அப்புறம் ஒன்னுகூடக் கண்ணுல படல. வெறுங்கையோட எறங்கிட்டோம். கூட வந்த ஒருத்தி வர்ற வழியெல்லாம் எங்கிட்டப் பேசவே இல்ல."

நல்லது பண்ணினாய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மழை ஓட்டில் விழுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அப்பா, நீங்களா இருந்தா சுட்டிருப்பீங்களா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். நானும் சுட்டிருக்க மாட்டேன் என்றால் இருவரும் ஒரே மாதிரி ஆகிவிடுவோம். வாய்வரை வந்தது.

"சுட்டிருப்பேம்மா" என்றேன். "அஞ்சு பேரு பாக்குறாங்கன்னா, கட்டாயம் சுட்டிருப்பேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நீங்க சுட்டிருப்பீங்கன்னு நெனச்சுத்தாம்ப்பா நான் கீழ வச்சேன்" என்றாள்.